கிள்ளிய நிரை

நீர்த்தேக்கம் நிரம்பியபோது மூழ்காமல் மிஞ்சிய மலையுச்சிதான் அந்தத் தீவு. ஆளில்லை. நீர்க்காகங்களும் உடும்புகளும்தான். அவற்றைக் கணக்கெடுக்கத் திலக்ஷன் வந்திருந்தான்.

உடும்புகிட்ட பேர் கேட்டு எழுதப் போறீங்களா என்று வழியெல்லாம் சிரித்த வள்ளக்காரர் பைஸர், இறக்கிவிட்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"இருட்டுமுன்ன வருவேன் தம்பி. கரையில நில்லுங்க. ஏறி வந்து தேட மாட்டேன். புள்ள காத்திருக்கும்."

திலக்ஷனின் மகள், தாயில்லாத நிலக்ஷி, அக்கரையில் பைஸரின் கடையில் இருந்தாள். நாலு வயது. அவள் தாய் சுலக்ஷனா எதிர்த் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி இறந்துபோனாள். செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் பக்கத்துப் பெண்மேல் போர்த்திவிட்டு, தான் மூடாமல் கிடந்தாள். குளவிகள் இந்தத் தீவிலிருந்து வந்தவை என்றார்கள். அதனால்தான் இந்த வேலையை அவன் கேட்டு வாங்கினான். வந்து என்ன செய்வதென்று யோசிக்கவில்லை.

மேலே, கவ்வாத்து வெட்டி மட்டப்படுத்தாத பழைய தோட்டத்துத் தேயிலை மரமாகி வெளிச்சத்தை மறைத்திருந்தது. நடுவில் ஒரு நிரை மட்டும் இடுப்பளவில், தட்டையாக.

கொழுந்து கிள்ளிய காம்புகளில் ஈரம் காயவில்லை.

நீர்க்காகங்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. பின்னால் ஓர் இரைச்சல்.

குளவி.

நிரைக்கடியில் புகுந்து முகத்தை மண்ணில் புதைத்தான். முதுகில் கனமாக ஏதோ விழுந்தது. ஈரச் சாக்கு. பச்சைக் கொழுந்தும் வியர்வையும் கலந்த வாடை. அவனுக்குப் பழகிய வாடை.

"அசையாதீங்க."

அழுகை வரவில்லை. அப்படியே கிடந்தான். மழை பிடித்தது. வெளிச்சம் மங்கியது. கீழே பைஸர் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல் ஓயவில்லை.

மழையில் குளவி பறக்காது.

இரைச்சல் சாக்குக்கு உள்ளே இருந்தது. அவன் காதருகே, ஒரு தொண்டைக்குள்.

"புள்ள தனியா இருக்கு, சுலா," என்றான். "என்னைய விடு."

சத்தம் நின்றது. சாக்கைத் தள்ளிவிட்டு ஓடினான். வள்ளம் புறப்பட்டிருந்தது. இடுப்பளவு நீரில் இறங்கி அதைப் பிடித்தான். பைஸர் அவனை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்த்தபோது இருட்டியிருந்தது.

நிலக்ஷி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் பைஸர் டார்ச் அடித்தார்.

"தம்பி, இத யாரு கட்டிவுட்டது?"

அவன் இடுப்பில் படங்கு கட்டும் கயிறு. முடிச்சு முதுகுப் பக்கம். மறுமுனை தண்ணீருக்குள் போயிருந்தது.

முடிச்சு அவிழவில்லை. பைஸர் கத்தி எடுக்கக் கடைக்குள் ஓடினார்.

கயிறு மெல்ல விறைத்தது.

நிலக்ஷி அவன் காலை விடவில்லை.