கிழவியின் எச்சரிக்கை

கிழவி கத்தியதும் மற்றக் குரங்குகளும் சேர்ந்து கத்தின. அதுதான் குரங்குகளை ஆய்ந்துவந்த அவளுக்குச் சரியாகப் படவில்லை.

கூட்டத்தின் மூத்த பெண் குரங்குக்கு அவளும் கணவரும் வைத்த செல்லப்பெயர்தான் கிழவி. ஒரு குரங்கின் எச்சரிக்கையை மற்றவை எவ்வாறு நம்பக் கற்றுக்கொள்கின்றன என்பதே அவளுடைய ஆய்வு. சிறுத்தையைக் கண்டால் கிழவி எழுப்பும் குரலைப் பதிவுசெய்து, சிறுத்தையே இல்லாத வேளைகளில் புதருக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டாள். முதலில் எல்லாம் பதறி மரமேறின; பிறகு ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்து, கிழவியை நம்ப வேண்டாமென்று கற்றுக்கொண்டன. ஆய்வு பலித்துவிட்டதென்று அவள் பூரித்துப் போனாள்.

கணவரும் அதையே கற்றுக்கொண்டதைத்தான் அவள் கவனிக்கத் தவறிவிட்டாள். போன மாதம் காட்டுப் பாதையிலிருந்து அவளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர், கிழவியின் அலறலைக் கேட்டுச் சிரித்தார்.

"உன் கிழவி ஆரம்பிச்சிட்டா பாரு."

அன்று அவள் ஒலிபெருக்கியைத் தொடவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சிறுத்தை பாய்ந்து எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று வீட்டுக்காரரின் மேசை நாற்காலி தவிர வீட்டைக் காலிசெய்தாயிற்று. வண்டியோட்டி வாசலில் தலைநீட்டினார்.

"அந்த ஸ்பீக்கர் பெட்டிய அணைச்சிட்டு வாங்கக்கா, காது கிழியுது."

"பெட்டி உங்க வண்டியில இருக்கு, தம்பி."

அவர் முகம் ஒருகணம் வெளிறியது. "சிறுத்தை வீட்டுக்குள்ளயா குடிவரும்? வாடகை யாரு குடுக்கறது!" என்று தானே சிரித்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்.

அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள். மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சத்தில், கிளைதோறும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை குரங்குகளும், தரையையோ புதரையோ பாராமல், அவளுக்குப் பின்னால் இருந்த ஆளற்ற அறையின் கோடியையே வெறித்துக்கொண்டிருந்தன; கணவர் கடைசியாக மாட்டிக்கொண்டு போன தோல் செருப்பு நனைந்த வாடையும் துருவின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. அவர் போன பிறகு பிறந்த குட்டியொன்று கிழவியின் வயிற்றைப் பற்றியிருந்தது. தாயின் கண்ணைப் பார்த்தது. தாய் பார்த்த திசையைப் பார்த்தது. அதுவும் கத்தியது.

எல்லாத் தலைகளும் சற்றே திரும்பின.

இன்னும் சற்று.

அவள் திரும்பவில்லை. அவற்றின் கண்களே சொல்லிக்கொண்டிருந்தன. மேசை. நாற்காலி. அவளுடைய தோள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

கூட்டம் அடங்கியது. கிழவி மட்டும் அலறினாள்.

காதோரம் ஈரமூச்சு. அதே சிரிப்பு.

"உன் கிழவி ஆரம்பிச்சிட்டா பாரு."

குட்டி தாயின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.