பதினேழாவது அடி

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். டிரம்மைப் பதினாறு முறை அடித்ததாகக் குறித்துவைத்தேன். கணினியில் பதினேழு அடி பதிவாகியிருக்கிறது. எண்ணும்போது கவனம் சிதறியிருக்க வேண்டும். நாளை சரியாக எண்ண வேண்டும்.

பேனாவை மூடியவள், மறுபடி திறந்து ‘கவனம்’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கற்றுத்தரும் அந்த மாலை வகுப்பில் அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர். மற்றவர்கள் மைக்கைக் கண் மதிப்பில் வைப்பார்கள். அவள் அளவுநாடா வைத்து அளந்து, தேதியோடு எழுதிக்கொண்டு, அப்படியும் எங்கோ தப்பு விட்டிருப்போம் என்று நினைப்பாள்.

அவளுடைய பாட்டு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. கணினியில் தயாராகக் கிடைக்கும் டிரம் ஒலிகளில் நாற்பதைக் கேட்டு அவள் தேர்ந்தெடுத்த ஒலியைச் சார் அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை.

“தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு. ஒரே அடியை முந்நூறு தடவை ஒட்டி வெச்சிருக்க. மனுஷன் ரெண்டு தடவை ஒரே மாதிரி அடிப்பானா?” என்றவர், வகுப்பிலிருந்த சின்ன டிரம்மைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். “கொண்டு போ. மெதுவா ஆரம்பிச்சு பலமா வர்ற வரைக்கும் பதினாறு அடி எடு, அதை மாத்தி மாத்தி ஒட்டிப் பாட்டைப் பண்ணு. ஒரு மைக் டிரம் பக்கத்துல, ஒண்ணு தூரத்துல. ரூமோட சத்தமும் வேணும். வெள்ளிக்கிழமை ஆறு மணி. இதுவும் திரும்பினா அடுத்த பேட்ச்ல உனக்கு இடம் இல்ல நோட்டு. அப்புறம் என்னைத் திட்டாத.”

புதன்கிழமை நான்கு மணிக்கு மாடி அறையில் உட்கார்ந்தாள். எதிரொலி வராமலிருக்கச் சுவர்களில் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தாள். விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தியதும் வெயில் திரைச்சீலை வழியாக மங்கி இறங்கியது, கம்பளியின் ஈர வாடையும் டிரம் தோலின் பிளாஸ்டிக் வாடையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன, கீழே குழாயில் நீர் சொட்டுவதுகூடப் பஞ்சில் சுற்றியதுபோலத் தொலைவில் கேட்டது. இம்முறை எண்ணிக்கையை அவள் தன்னை நம்பி விடவில்லை. பதினாறு தீக்குச்சிகளை மேசையில் அடுக்கி, வலது கையால் ஓர் அடி, இடது கையால் ஒரு குச்சியை நகர்த்தல் என்று வைத்துக்கொண்டாள். கடைசிக் குச்சி நகர்ந்தது. கையிலிருந்த கோலைக் கீழே வைத்தாள்.

திரையில் பதினேழு.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அவளுடைய பதினாறாவது அடியின் அதிர்வு முழுதாக அடங்கி, நான்கு விநாடி அமைதி. பிறகு ஒன்று. அவசரமில்லாமல், தயக்கமில்லாமல், விழுந்த கோல் தோலின் மேலேயே சற்று இளைப்பாறியதுபோல ஓர் அடி.

சத்தத்துக்கும் நடந்து வர நேரம் வேண்டும். அவள் அடித்தவை டிரம் பக்கத்து மைக்கை முதலில் தொட்டு, பத்தடி தள்ளிக் கதவருகில் இருந்த மைக்கைக் கொஞ்சம் தாமதமாகத் தொட்டிருந்தன. பதினாறும் அப்படியே. செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்து அதிலிருந்த உபரி அடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது கதவருகில் இருந்த மைக்கை முதலில் தொட்டிருந்தது. இன்றைய உபரி அடி இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் தொட்டிருந்தது.

அளவுநாடாவை விரித்தாள். கதவிலிருந்து ஐந்தடி. டிரம்மிலிருந்து ஐந்தடி. அடி விழுந்த இடம், அறையின் நடுவில் வெறும் தரை.

கீழே அண்ணன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணா, இப்ப மேல வந்தியா?”

“நான் எதுக்கு வரணும்? உன் டமடமவுல கீழ இருந்தே காது போச்சு.”

“எத்தனை தடவை கேட்டுச்சு?”

“அதை எண்ணத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?” பிரஷை நிறுத்தினான். “கடைசில ஒண்ணு மட்டும் தனியா விழுந்துச்சே, அது நல்லா இருந்துச்சு. அதுதான் மனுஷங்க அடிச்ச மாதிரி இருந்துச்சு. மத்ததெல்லாம் நீ பயந்து பயந்து தட்டினது.”

அன்று மாலை வகுப்பில் சாரும் அதே இடத்தில்தான் நிமிர்ந்தார். மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டார்.

“யாரு அடிச்சது இது? மத்த பதினாறையும் தூக்கிப் போடு. இது ஒண்ணையே முந்நூறு தடவை ஒட்டிப் பாட்டை முடிச்சாலும் சரி. கண்ண மூடிட்டு எடுத்துக்கறேன்.”

இத்தனை நாள் கேட்கக் காத்திருந்த சொல். ஆனால் அவளுக்குக் காது மடல்கள் சூடேறின.

“பதினாறுதான் சார் என்னோடது.”

“அதுக்கென்ன இப்போ?”

“வாசிச்சவர்னு என் பேரைத்தானே எழுதணும். வேற யாரோ அடிச்சதைக் குடுக்க மாட்டேன்.”

“வேற யாரோன்னா யாரு?”

அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம், எத்தனையோ வருடங்களில் முதல்முறையாக, தப்பு தன்மேல் இல்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதி பயத்தைக் குறைக்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒரு பிடிவாதத்தை அதன் மேல் வளர்த்தது.

வியாழன், நான்கு மணி. கதவைத் தாழிட்டாள். ஹெட்போனை முன்கூட்டியே மாட்டினாள். இடது காதில் டிரம் பக்கத்து மைக், வலது காதில் கதவருகிலிருந்த மைக்.

“இது என் ரூம்,” என்று வெற்று அறையிடம் சொன்னாள். “என் பாட்டு. நான்தான் அடிப்பேன்.”

முதல் அடி. மெதுவாக, ஆனால் பயந்து அல்ல. இரண்டு. மூன்று. ஐந்தாவது அடியில் வலது காதில் துணி உரசியது. திரும்பிப் பார்த்தாள், கதவருகில் கம்பளி அசையாமல் தொங்கியது, வெயில் அதன் நூல்களில் அப்படியே நின்றது. ஆறு. ஏழு. நீண்டநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு குளிர்ந்த வாடை. ஒன்பதாவது அடியில் அந்த உரசல் இரண்டு காதிலும் சமமாகக் கேட்டது. அறையின் நடுவில். அங்கே யாருமில்லை. அவள் பார்த்துக்கொண்டே அடித்தாள்.

“வா,” என்றாள். “வந்து பாரு.”

பதினொன்று. பன்னிரண்டு. உரசல் இடது காதுக்கு நகர்ந்தது.

பதிமூன்று. வலது காதில் ஒன்றுமில்லை.

பதினான்கு. இடது காதில் மூச்சு. அவளுடையது அல்ல. அவள் மூச்சை அடக்கியிருந்தாள்.

பதினைந்து.

பதினாறு. இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து அடித்தாள். அறை அதிர்ந்தது. அதிர்வு அடங்கியது.

கோலைப் போட்டுவிட்டு இடது உள்ளங்கையை டிரம் தோலின் மேல் முழுதாகப் பதித்தாள். அழுத்தினாள். இனி எங்கே அடிப்பாய்?

ஒரு விநாடி.

இரண்டு.

மூன்று.

நான்கு.

கைக்கு அடியில் விழுந்தது. மேலிருந்து அல்ல. உள்ளிருந்து. தோல் துள்ளிச் சத்தமின்றி உள்ளங்கையில் மோதியது.

அவள் கையை எடுக்கவில்லை. உடம்பின் எடையையெல்லாம் மணிக்கட்டில் இறக்கினாள்.

பிறகு அடி விழவில்லை. தோலுக்கு அடியில் ஏதோ தடவியது. மெதுவாக. ஒரு முனை. அதன் பக்கத்தில் இன்னொரு முனை. மூன்று. நான்கு. கடைசியாக, சற்றுத் தள்ளி, கட்டைவிரல். ஒவ்வொன்றும் அவளுடைய விரலைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு நேராக ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றும் அவளுடையதைவிட ஒரு கணு நீளம்.

“பதினாறு,” என்றாள். “இன்னிக்குப் பதினாறுதான்.”

திரையைப் பார்த்தாள். பதினாறு.

மார்ச் 13, வியாழன். எண்ணிக்கையில் தவறில்லை. வலது கையால் மட்டும் வேலை செய்ததால் நேரம் பிடித்தது. ஆனால் பாட்டை முடித்துவிட்டேன். எல்லாம் என் அடிகள். நாளை: ஆறு மணிக்குள் பாட்டைக் கொடுக்க வேண்டும். வாசித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். டிரம்மையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். இடது கையை டிரம் தோலிலிருந்து எடுக்காமல்.