மாமி வைத்த பொட்டு

பல் தீட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்த கம்சாயினி, தாயின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். யோகமலரின் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலிக்கொடியும் இல்லை.

"அம்மா...! என்ன இது?"

"ஒண்டுமில்ல புள்ள. முகத்தக் கழுவு."

"என்ன ஒண்டுமில்ல? அப்பம்மாட முப்பத்தோராம் நாள் கடமை நேத்துத்தான் முடிஞ்ச... அதுக்குள்ள அப்பாவையும் சாகடிச்சிட்டீங்களா? ஆர் என்ன சொன்ன உங்களுக்கு? ஆவணியில எனக்குக் கலியாணம். நீங்க ஆலாத்தி எடுப்பீங்க எண்டு எவ்வளவு ஆசையா இருந்தன்! ஒரு மாசம் பொறுக்க ஏலாதா?"

யோகமலர் வாளியைக் கீழே வைத்தாள்.

அந்தப் பொட்டுக்காக அவள் கேட்காத பேச்சா? பனிச்சங்கேணிச் சனம் சும்மா இருக்குமா என்ன! சண்டைக்குள் காணாமல் போனதாக ஊர் நம்பிய அவள் புருஷன் உதயரூபன் திரும்பி வரவேயில்லை. 'ஆருக்குப் பொட்டு வைக்கிறாளோ' என்று கோயில் வாசலில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மரணச் சான்றிதழ் எடு என்றார்கள். அவள் பொட்டை அழிக்கவில்லை. பெண்பிள்ளை இல்லாத மாமியார் ஆச்சிப்பிள்ளை, மருமகளின் வீட்டோடுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் குளித்து வரும் மருமகளைப் பிடித்து உட்கார்த்தித் தன் கையாலேயே குங்குமம் வைத்துவிடுவாள். "என்ட மகன் வந்தா உன்ன இப்பிடித்தான் காணணும்" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் யோகமலரின் நெஞ்சு பற்றி எரியும்.

"உன்ட மணவறையில பொய்யோட நிக்க என்னால ஏலா மகள்," என்றாள் கடைசியில். "கொப்பா செத்து எவ்வளவோ காலம். நான்தான் மண் போட்டன்."

கம்சாயினி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரை விட்டு எல்லாரும் ஓடின நேரம், நீ அப்பம்மாவோட உழவு மெசினில முன்னுக்குப் போயிட்டாய். நானும் அவரும் பின்னால வாவிக் கரையால வந்தம். ஷெல் விழுந்திச்சு. தண்ணி கேட்டார்... நான் கோலிக் குடுக்கிறதுக்குள்ள..." தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "கையால கிண்டித்தான் தாட்டன் புள்ள. அழவும் நேரமில்ல. முகாமுக்கு வந்தா, 'எங்க என்ட மகன்?' எண்டு மாமி ஓடி வாறா. மூத்தவனச் சண்டையில குடுத்து, இளையவனச் சுனாமியில குடுத்து, அவக்கு மிச்சம் இருந்தது அந்த ஒண்டுதானே! என்னெண்டு சொல்லுவன்? வேற பாதையால வாறார் மாமி எண்டு சொல்லிட்டன். அந்தப் பொய் அவ சாகும் வரைக்கும் வந்திட்டுது. இனி ஆருக்காக நான் நடிக்கிற?"

கம்சாயினி தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா... அப்பம்மாவுக்குத் தெரியும்."

"என்ன சொல்றாய்?"

"முகாமில நீங்க அசந்து படுத்த நேரம், உங்கட சீலைத் தலைப்பு முடிச்ச அவிழ்த்துப் பாத்தவவாம். உள்ளுக்கு அப்பாட அரைநாண்கொடி இருந்ததாம், ரத்தத்தோட. பழையபடி முடிஞ்சு வச்சிட்டாவாம். சாகிறதுக்கு முதல் என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னா... 'நான் வாய் விட்டு அழுதா கொம்மா பொட்ட அழிச்சிருவாள். அவன் வருவான் எண்டு எனக்காவது நம்பிக்கை இருக்கு எண்டு நினைச்சுத்தான் அவள் உசிரோட இருக்காள். எனக்குத் தெரியும் எண்டு நீயும் சொல்லிராத' எண்டு என்ட தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கினாம்மா! இண்டைக்கு உங்கட நெத்தியக் கண்டதும், அப்பம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தத ஆரோ சொல்லிட்டாங்க எண்டு பயந்துதான் கத்தினன்..."

யோகமலருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே கூரை, ஒரே பாய், ஒரே சட்டிச் சோறு... பெற்றவளும் கட்டியவளும் ஒரே மனுஷனுக்காக, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, வாய்க்குள் சீலையைத் திணித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். மற்றவள் தாங்கமாட்டாள் என்று!

"மாமீ...! ஐயோ மாமீ...!" நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதா? கட்டிப் பிடிச்சு ஒரு நாளாவது சேந்து அழுதிருப்பமே மாமீ...!"

கம்சாயினி ஓடிப்போய்த் தாயைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். "அழுங்கம்மா... நல்லா அழுங்க. பொட்டில்லாட்டி என்ன? நீங்கதான் எனக்கு ஆலாத்தி எடுக்கணும். ஆரு என்ன சொல்றாங்க எண்டு பாப்பம்!"

கதறல் கேட்டு அயல் பெண்கள் வேலிக்கு ஓடி வந்தார்கள். "என்னகா நடந்த? ஆருக்கு என்ன?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

கம்சாயினி தாயை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கட அப்பா செத்திட்டார்," என்றாள்.