அக்கா வாசித்த கடைசி அத்தியாயம்

"நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் சார். செஞ்சாத்தானே கேக்கணும்?" துப்பறிவாளரைத் தேடி வந்தவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

அம்மா வைத்துவிட்டுப் போன பழைய காதல் நாவல் ஒன்று, முதல் பதிப்பு, அவள் அப்பாவின் அலமாரியில் இருந்தது. அதை விற்க அப்பா முடிவு செய்தபோது, இவள் ஊரைக் கூட்டாத குறையாகச் சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பிப் போனாள். அக்கா வாயே திறக்கவில்லை. போன வாரம் வாங்க வந்த வியாபாரி, இது அதே மாதிரி அட்டையில் வந்த பிந்தைய பதிப்பு, யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார். பழி இவள்மேல் விழுந்தது; பெரியப்பா முன்னாலேயே அப்பா இவளைத் திருடி என்றார். இன்று பெரியப்பா முன்னிலையில் மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி வாசற்படி மிதிக்கக் கூடாதாம்.

நாவலிலும் இரண்டு சகோதரிகள்தான். மூத்தவள் அடக்கம், இளையவள் படபடப்பு. அந்த வீட்டில் இவர்களையும் அப்படியே எடைபோட்டு வைத்திருந்தார்கள். துப்பறிவாளரின் உதவியாளரும் அதே கட்சி. சத்தம் போட்டவள்தான் எடுத்திருப்பாள் என்று வழியெல்லாம் அவர் காதைக் கடித்துக்கொண்டே வந்தார்.

அப்பா வீட்டுக் கூடத்தில், பெரியப்பாவும் உட்கார்ந்திருக்க, துப்பறிவாளர் அலமாரிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, தங்கை போன பிறகு இதை யார் தொட்டார்கள் என்று மட்டும் கேட்டார். பார்வை மங்கிய அப்பாவுக்குத் தினமும் இதைத்தான் வாசித்துக் காட்டினேன், வித்தியாசமே தெரியவில்லை என்றாள் அக்கா. அவள் போன பிறகுதான் முடிவுவரை கேட்டதாக அப்பாவும் தலையாட்டினார்.

"அந்தக் காலத்துல தாளை மடிச்சுத் தைச்சு அப்படியே வித்துடுவாங்க. படிக்கிறவங்கதான் கத்தி வச்சு மடிப்பை வெட்டிக்கணும்," என்றார் துப்பறிவாளர். "இதுல கடைசி அத்தியாயம் முழுக்க இன்னும் வெட்டாமலே இருக்கும்மா. இதை யாரும் முடிவுவரை படிச்சிருக்க முடியாது. அப்படின்னா தங்கச்சி போன அப்புறமும் நிஜப் புத்தகம் உங்க கையிலதான் இருந்திருக்கு."

உதவியாளர் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா மறுக்கவில்லை. உள்ளே போய், நிஜப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். "விக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"என்னைத் திருடின்னு சொன்னப்பவும் வரலையா?" கேட்டுவிட்டுத் தங்கை அப்பாவிடம் திரும்பினாள். "பெரியப்பா முன்னாடி சொன்னதை, பெரியப்பா முன்னாடியே இல்லைன்னு சொல்லுங்கப்பா."

அப்பா தலை குனிந்தபடி, அவள் எடுக்கவில்லை என்று பெரியப்பாவிடம் சொன்னார். சொல்லி முடித்ததும், வியாபாரியிடம் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"தர மாட்டேன்ப்பா," என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசி அந்த வீடு கேட்டதே இல்லை.

தங்கைக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் போய் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டாள்.