இடது பக்கம் நின்று கூப்பிட்டவர்கள்

"கூப்பிட்டது காதுல விழலையா, இல்ல விழ வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சா?"

மாமியார் இதை அடுப்பைப் பார்த்துச் சொன்னார். மருமகளோடு நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியதிலிருந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்பிடமும் குக்கரிடமும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். குக்கர் பாவம், அவ்வப்போது பெருமூச்சு விட்டது.

மருமகள் ஜன்னலோரம் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது பக்கம் தெரு. அங்கே போகிற சைக்கிள் மணி கணீரென்று கேட்டது. இடது பக்கம் வீடு. வீடு மட்டும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது போல இருந்தது. மாமியாரின் குரல் ஆழத்திலிருந்து குமிழாகக் கிளம்பி, அவளிடம் வந்து சேர்வதற்குள் உடைந்துபோனது. வெயில் பாத்திரங்களின் மேல் மெல்ல நீந்தியது. அந்த வேளையில் யாராவது வந்து, நீ ஒரு மீன்தொட்டிக்குள் நிற்கிறாய் என்று சொல்லியிருந்தால் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

"பார்த்தியாடா உன் பொண்டாட்டிய?" என்றார் மாமியார், வாசற்படியில் வந்து நின்ற மகனிடம். "மூணு தடவை கூப்பிட்டேன். டாக்டரம்மாவுக்கு நாமெல்லாம் மனுஷங்களாவே தெரியல."

"காலங்காத்தால ஆரம்பிக்காதம்மா," என்றான் மகன். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் சரியாகப் பாதி வழியில் நிற்பதுதான் நியாயம் என்று நம்புகிறவன். அதனால் இரண்டு பேருக்கும் ஒருநாளும் உதவாதவன்.

அவள் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். வீட்டில் 'எமர்ஜென்சி' என்றே செல்லப்பெயர். முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள். காரணம் மாமனார்.

மாமனாரைத் தெருவே 'தலைவர்' என்றுதான் சொல்லும். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு ஒரு நாற்காலியும் நாலு பேரும் கிடைத்தால் போதும், கூட்டம் தொடங்கிவிடும். தெருவிளக்கு எரியாததைப் பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் பலமுறை விடிந்திருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு மத்தியானம், சங்க விருந்து முடிந்த கையோடு அவருக்கு நெஞ்சு எரிந்தது. மருமகளின் ஆஸ்பத்திரிக்கே போனார். அவளும் அவரை உடனே படுக்கவைத்து ஈசிஜி எடுத்தாள். இதயம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. வயிறுதான் விருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மாத்திரை கொடுத்து, மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டி, "வெளிய உக்காருங்க மாமா, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம்," என்றாள். அந்த இடத்தின் முறை அதுதான். சிவப்புப் பட்டை என்றால் உயிர் ஊசலாடுகிறது. மஞ்சள் என்றால் பொறுக்கலாம், அதிகம் பொறுக்க முடியாது. பச்சை என்றால் பயமில்லை. பச்சை கட்டியவன் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் தலைவர் ஆயுளில் எந்த வரிசையிலும் கடைசியில் நின்றவரல்ல. நேற்று வந்தவனுக்கெல்லாம் சிவப்பு, தனக்கு மட்டும் பச்சையா என்று அவருக்கு அவமானமாகிவிட்டது.

"சொந்த மருமகளே என்னை வெளிய உக்கார வெச்சா," என்று அன்று வீடு திரும்பியவர் சொன்னார். அத்தோடு மாமியார் வாயை மூடிக்கொண்டார். அடுப்பிடம் மட்டும் திறந்தார்.

அன்று சாயங்காலம் மருமகளும் கன்னம் வீங்கித்தான் வீடு வந்தாள். "வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள். யாரும் மேலே கேட்கவில்லை.

இப்போது தலைவர் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் கூடத்துக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு வீடு நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது வழக்கம்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரியில விசாரணை. எமர்ஜென்சி பிரிவைப் பத்தி நான் கொடுத்த புகாரைப் பெரிய டாக்டர் ரொம்ப மதிச்சு எடுத்துக்கிட்டாரு. பொதுமக்கள் சார்பா என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காரு."

இது வலது காதில் விழுந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாமா... நீங்க போகாதீங்க."

"ஏன்?"

"அது என்னைப் பத்தின விசாரணை மாமா. நானும் அங்க இருப்பேன்."

"இருந்துட்டுப் போம்மா. உன் பேரை நான் இழுக்க மாட்டேன். கண்ணியம்னு ஒண்ணு எனக்கு இருக்கு," என்றார் தலைவர். "ஆனா ஜனங்களைக் காக்க வெக்கிறது தப்பு. அதைச் சொல்லத்தான் போறேன்."

"மாமா, தயவுசெஞ்சு..."

"பார்த்தீங்களா," என்றார் மாமியார் அடுப்பிடம். "குட்டு வெளிய வந்துடும்னு பயம்."

அவள் தன் பையை எடுத்துக்கொண்டாள். மேலே பேசினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

காரில் கணவன் ஓட்ட, பின் இருக்கையில் அவளுக்கு இடது பக்கம் தலைவர். வழியெல்லாம் அவர் பேச்சை ஒத்திகை பார்த்தார். அவளுக்கு அது தூரத்து மழைபோலக் கேட்டது. வார்த்தைகள் கரைந்து, ஏற்ற இறக்கம் மட்டும் வந்து சேர்ந்தது. கண்ணை மூடினாள். அந்த இரைச்சலுக்குள் வேறொரு நாள் மிதந்து வந்தது. அவளுடைய மேல்படிப்புப் பரீட்சை. வெளியே கொதிக்கிற வெயில். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே மாமனார் பரீட்சை மண்டபத்தின் மதில் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார். "புள்ள பெத்தவளுக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்ட உறவுக்காரர்களிடம், "என் மருமக டாக்டரா இருப்பா. உங்க வீட்டு ஆளுங்களும் ஒருநாள் அவ கையிலதான் வந்து விழணும்," என்று சொன்னதும் அவர்தான். அன்றைக்கும் நீளமாகத்தான் பேசினார். அன்றைக்கு அது எவ்வளவு இனித்தது.

அதே குரலைத்தான் பச்சைப் பட்டை கட்டிய மத்தியானத்திலும் கேட்டாள். உள்ளே ஒரு பெரியவரின் இதயம் நின்றுபோயிருந்தது. அவள் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், காத்திருப்போர் கூடத்தில், ஒரு நாற்காலியின் மேல் வெள்ளைச் சட்டை ஏறி நின்றது. "இங்க நம்ம உயிருக்கு மதிப்பு இல்ல! உள்ள என்ன பண்றாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" கூட்டம் எழுந்தது. அதுவரை தலையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவனும் எழுந்தான். அவன் அந்தப் பெரியவரின் மகன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் விட்ட அறை அவள் இடது கன்னத்தில் காதோடு சேர்த்து விழுந்தது. உலகம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது.

தலைவர் இதைப் பார்க்கவில்லை. கூட்டம் எழுந்ததே தன் பேச்சின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு அறையை விட வலித்தது. பெரிய டாக்டர் மறுநாள் காலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், "உங்களுக்குப் பேசத் தெரியல, அதனால அடி வாங்கினீங்க," என்றார். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "பேஷன்ட்தான் பிழைச்சுட்டாரே, அப்புறம் என்ன? நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்றார். அலுவலகத்தில் யாராவது 'ஒரே குடும்பம்' என்று சொன்னால், பாத்திரம் தேய்க்க ஆள் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அவளைச் சிகிச்சை அறையிலிருந்து எடுத்து, வருகிறவர்களுக்கு வழி சொல்லும் மேசையில் உட்காரவைத்தார்கள். கனிவாகச் சிரிப்பது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார்கள். வீங்கிய கன்னத்தோடு அவள் சிரித்துக் காட்டினாள். பயிற்சியாளர் இன்னும் கொஞ்சம் மலர்ச்சி வேண்டும் என்றார்.

நடுவில் ஒருநாள் ஆள் போதாமல் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே யாரோ கத்தினார்கள். அவள் கைகள் அப்படியே நின்றன. தன்னுடையவை அல்லாத இரண்டு கைகள் காற்றில் மிதப்பதைப் பார்ப்பது போல் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவர் ஊசியை வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். தன் வேலை தன் கையை விட்டுப் போய்விடுமோ என்று.

விசாரணை அறையில் நீளமான மேசை, மூடிபோட்ட தண்ணீர் டம்ளர்கள், தட்டு நிறைய பிஸ்கட். தலைவர் அவளுக்கு இடது பக்கத்திலேயே உட்கார வைக்கப்பட்டார். பையில் பேச்சுக் குறிப்பு கனத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல சிஸ்டர் சுருக்கமாச் சொல்லட்டும்," என்றார் பெரிய டாக்டர்.

வார்டின் தலைமை நர்ஸ் எழுந்தார். சுருக்கம் என்பது அவர் சுபாவத்தில் இல்லை, பயமும் இல்லை.

"டாக்டர் அந்த ஐயாவோட நெஞ்சை அழுத்திக்கிட்டு இருந்தாங்க சார். கையை எடுத்தா ஆள் போயிடுவாரு. பையன் வந்தான், விட்டான் ஒரு அறை. காதுல ரத்தம் ஒழுகுது. இவங்க கையை எடுக்கல சார். ரத்தம் கோட்டுல சொட்டுது, இவங்க வாய் எண்ணிக்கிட்டே இருக்கு. அந்த ஐயாவுக்கு நாடி வந்தப்புறம்தான் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க."

தலைவர் பிஸ்கட்டை நோக்கி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எந்த டாக்டரு?" என்றார், மெதுவாக.

"இவங்கதான், வேற யாரு?" என்றார் சிஸ்டர். "அந்தப் பையன் அதுவரைக்கும் சிவனேன்னு உக்காந்திருந்தான் சார். வெளிய எவனோ ஒரு வெள்ளைச் சட்டை நாற்காலி மேல ஏறி மைக் இல்லாத கூட்டம் போட்டிருக்கான். நாங்க உள்ள இருந்ததால மூஞ்சி பார்க்கல. அவனைப் புடிச்சு இங்க உக்கார வெச்சுக் கேளுங்க. இந்தப் பொண்ணை ஏன் சார் கேக்குறீங்க?"

பெரிய டாக்டர் பேனாவை உருட்டினார். "டாக்டர், நீங்க கதவைப் பார்த்துதான் நின்னீங்க. அந்த ஆளு யாருன்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, தப்பு அவர் மேல போகும். தெரியலன்னா உங்க அணுகுமுறைதான் காரணம்னு முடிவாகும். நீங்க மன்னிப்பு கேட்டுட்டு வேற பிரிவுக்குப் போக வேண்டியதுதான்."

அறை அவளைச் சுற்றி மெல்ல அசைந்தது. வெளிச்சம் டம்ளர் மூடிகளின் மேல் மிதந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வெயிலில் மதிலோரமாக நடந்துகொண்டே இருந்தார்.

"தெரியாது சார்," என்றாள்.

"ஏம்மா..." என்றார் தலைவர்.

அவள் திரும்பவில்லை.

"ஏம்மா... என்னம்மா சொல்ற நீ?"

திரும்பவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் பேசினா அவங்களுக்குக் கேக்காதுங்கய்யா," என்றார் சிஸ்டர். "அறைஞ்சதுல செவிப்பறை கிழிஞ்சுபோச்சு. ஆற நாளாகும். உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்."

தலைவர் எழுந்தார். எழுந்தால் பேசுவார் என்று பழகியவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர் பேச்சுக் குறிப்பை வெளியே எடுத்து, பிரிக்காமலே மேசையில் கவிழ்த்து வைத்தார். அவர் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை.

"நாற்காலி மேல ஏறினவன் நான்தான்," என்றார் கடைசியில். "இவ என் மருமக."

"சார், பெரியவங்க நீங்க... ஏதோ உணர்ச்சிவசப்பட்டு..." பெரிய டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"யாரோ மன்னிப்பு கேக்கணும்னீங்களே. அது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப சொல்லுங்க, இவளை எந்தப் பிரிவுக்கு மாத்தப் போறீங்க?"

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். நிர்வாகக் கலையில் அதற்கு மேல் ஒரு வித்தை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வீடு திரும்பும்போது தலைவர் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். கணவன் சிக்னலில் நின்றபோது, கண்ணாடியில் அவளைப் பார்த்து, "நான் கேட்டிருக்கணும்... கன்னம் வீங்கி வந்தப்பவே கேட்டிருக்கணும்," என்றான். பாதி வழியிலேயே நின்று பழகியவன் எடுத்துவைத்த முதல் அடி. அவள் முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தொட்டாள்.

வாசலில் மாமியார் காத்திருந்தார். மகன் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். மாமியாரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது.

"ஏன்டி... ஏன்டி சொல்லல? நான் வாரக்கணக்கா அடுப்புகூடச் சண்டை போட்டுக்கிட்டிருந்தேனே. உன் காதைப் பத்தித் தெரியாம உன் திமிரைப் பத்திப் பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மனுஷனை நான்..."

"அதனாலதான் அத்தை சொல்லல."

மாமியார் அவள் கன்னத்தைத் தொட்டார். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டார். "வேண்டாம்டி. இந்த வேலையே வேண்டாம். விட்டுடு. நாங்க இருக்கோம்."

அவள் அந்தத் தோளில் முகம் புதைத்து முதன்முறையாக அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"நான் போவேன் அத்தை. யாராவது கத்தினா என் கை நின்னுபோகுது. அது சரியாகணும், அதுக்கு வைத்தியம் பார்த்துக்கிறேன். சரியாகற வரைக்கும் தனியா நிக்க மாட்டேன், கூட ஒரு டாக்டர் வேணும், வாசல்ல காவல் வேணும். நாளைக்கு அதைச் சொல்லத்தான் போறேன். முடியாதுன்னா வேற ஆஸ்பத்திரி இருக்கு. என்னை அறைஞ்சதுக்குப் போலீஸ்ல புகாரும் கொடுக்கப் போறேன்."

சொல்லிவிட்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வரேன்," என்றார். "என் பேரையும் எழுதச் சொல்லு. நான் தூண்டினது உண்மைதானே." பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன்கிட்ட எப்படிம்மா மன்னிப்பு கேக்கறது? எனக்குப் பேச வரல."

"பேச வேண்டாம் மாமா. கொஞ்ச நாளைக்கு அப்படியே இருங்க," என்றாள் அவள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மாமியாருக்கும் வந்தது. தலைவர் மட்டும் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

மத்தியானம் மாமியார் மடியில் தலைவைத்து அவள் தூங்கினாள். நல்ல தூக்கம். கனவில் நீளமான ஒரு வார்டு. கட்டில்கள் எல்லாம் தோணிகளாக மெல்ல அசைந்தன. யாரும் யாரையும் திட்டவில்லை. அவள் கைகள் யாருடைய நெஞ்சிலோ நிதானமாக அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தன. அவை அவளுடைய கைகளாகவே இருந்தன.

வெளியே வாசலில் சங்கத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். "தலைவரே, ஆஸ்பத்திரியில பேச்சு எப்படி? பிச்சு உதறிட்டீங்களாமே? உள்ள வந்து உக்காந்து கேக்குறோம், முழுசாச் சொல்லுங்க."

அத்தனை பேர், அத்தனை காதுகள். தலைவர் அவர்களை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார்.

"என் மருமக தூங்குறா," என்றார் ரகசியக் குரலில். "சத்தம் போடாமப் போங்க." கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.