இரண்டு துப்பாக்கி, ஒரு ஜன்னல்

போன் அலறியது.

ஆர்வோ நியெமி எடுக்கவில்லை. அவர் கையில் அரம். அரத்துக்கு அடியில் தீக்குச்சி கனத்தில் ஓர் இரும்பு ஊசி. அவருடைய சொந்த ரைஃபிளின் ஊசி. தோட்டாவின் முதுகில் குத்தி அதை வெடிக்க வைப்பது அதுதான். முனை மழுங்கிவிட்டதால் நேற்று வீட்டில் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்திருந்தார்.

நாளை 1991 நவம்பர் பதினைந்து. மான் வேட்டை ஆரம்பம். மிச்சிகனின் வடக்குக் கோடியில் அன்று பள்ளிக்கூடத்துக்கே லீவு!

கவுன்ட்டருக்கு எதிரே டென்சில். கையில் ஒரு ஷாட்கன். மேஜையில் ஒரு ரைஃபிள். இரண்டுமே ஒற்றைத் தோட்டா ஜாதி. நடுவில் மடக்கி, ஒரு தோட்டா போட்டு, மூடிச் சுட வேண்டியது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

"மூணு வருஷமா இதே ரெண்டைத்தான் தூக்கித் தூக்கிப் பார்க்கறே டென்சில். உன் கல்யாணத்துக்கே நீ இவ்ளோ யோசிக்கலையேய்யா!"

"அதனாலதான் இதுக்கு யோசிக்கறேன். எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லு."

"ஷாட்கன்! தொண்ணூறு டாலர். ரவை பரவிப் போகும். கை நடுங்கினாலும் பக்கத்துல இருக்கறவன் தப்ப முடியாது. ரைஃபிள் நூத்தி நாப்பது. தூரத்துல நிக்கற மானுக்கு, நிதானமான கைக்கு."

மூலையில் ரேடியோ கரகரத்தது. 'ஏரிக்கரை வாடகை கேபினில் டெட்ராய்ட்காரர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்... மனைவி நாடீனைக் காணவில்லை... கொலையாளி அவரைக் கடத்தியிருக்கலாம் என்று ஷெரிஃப் அலுவலகம்...'

போன் விடாமல் அலறியது.

ஆர்வோ எடுத்தார். "நியெமி துப்பாக்கிக் கடை."

மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்... கிசுகிசுப்பாய்.

"சார்... துப்பாக்கியை எப்படித் திறக்கறது?"

"என்னம்மா?"

"என்னைக் கொல்ல வந்திருக்கான் சார்! என் புருஷனைக் கொன்னவன்! நான் நாடீன்... இங்க ரேடியோல என் பேரைச் சொன்னாங்களே..."

ஆர்வோவின் கையிலிருந்து அரம் நழுவியது.

"எங்கேம்மா இருக்கே?"

"தெரியலை. காட்டுக்குள்ள ஓடி வந்தேன். ஒரு வீடு... யாருமே இல்ல. சமையலறையில உங்க கடை காலண்டர் மாட்டியிருக்கு. நம்பர் இருந்துது..."

அந்தக் காலண்டர் மாவட்டத்தில் நானூறு சமையலறைகளில் தொங்கியது.

"போலீசுக்குச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். வர முக்கால் மணி நேரமாகுமாம். அதுக்குள்ள நான் செத்துடுவேன் சார்! இங்க அலமாரியில ரெண்டு துப்பாக்கி இருக்கு. எதை எடுக்கறது? சொல்லுங்க, ப்ளீஸ்!"

"பயப்படாதே. ரெண்டும் எப்படி இருக்குன்னு சொல்லு."

"ஒண்ணுக்குக் குழல் பெருசு, கட்டைவிரல் நுழையும். இன்னொண்ணு... சுண்டுவிரல்கூட நுழையாது."

"பெருசை எடு. அதுதான் ஷாட்கன். பின்னாடி சுத்தியல் மாதிரி நீட்டிட்டிருக்கும். பக்கத்துல ஒரு விசை. அதை அமுக்கிட்டே குழலைக் கீழே மடக்கு."

போனில் 'க்ளக்' என்று கேட்டது.

"மடங்கிடுச்சு!"

"தோட்டா இருக்கா?"

"இருக்கு."

"ஒண்ணைப் போட்டு மூடு. சுத்தியலைத் தொடாதே. பின்னாடி இழுத்தாத்தான் அது சுடும். கதவைப் பார்த்து உட்கார்ந்துக்கோ. அவன் உள்ள வந்தா மட்டும்... புரியுதா?"

'க்ளிக்.' மூடியாயிற்று.

ஆர்வோ பெருமூச்சு விட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

"அவன் இப்ப எங்கே?"

"வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரக்குடிசை. புகைபோக்கியில புகை வருது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான்."

ஆர்வோவின் நெற்றி சுருங்கியது. கொல்ல வந்தவன் எதற்காக உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறான்?

புகை வருகிற மரக்குடிசை என்றால் சானா, நீராவிக் குளியலறை. வேட்டைக்கு முதல் நாள் இந்தப் பக்கத்தில் ஃபின்லாந்து வம்சத்தார் வீடுகள் எல்லாவற்றிலும் சானா அடுப்பு எரியும். அவர் வீட்டிலும்தான்.

"ஏம்மா... தோட்டா எங்கேருந்து எடுத்தே?"

"துப்பாக்கிக் கட்டையிலயே ஒரு கம்பளி உறை போட்டிருக்கு சார், சாக்ஸ் மாதிரி. நீலக் கலர். அதுல சொருகியிருந்துது. சிவப்புல ஒரு மான்கூடப் பின்னியிருக்கு... மூணே கால்தான் இருக்கு அதுக்கு."

கடை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியது ஆர்வோவுக்கு.

உலகத்தில் மூன்று கால் மான் ஒன்றே ஒன்றுதான். போன குளிர்காலத்தில் அவர் மனைவி ஐனோ பின்னியது. நாலாவது காலுக்குச் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது!

அது அவருடைய துப்பாக்கி. அவருடைய அலமாரி. அவருடைய வீடு!

"வீட்டுல... வீட்டுக்காரங்க யாரும் இல்லையா?" குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார்.

"இல்லைன்னு சொன்னேனே. காலி வீடு."

"ஏதோ சத்தம் கேட்குதே?"

"அடுப்புல எதுவோ மணி அடிக்குது. கருகுது போல."

ஐனோவின் இறைச்சிப் பணியாரம். ஐனோ அடுப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். சானாவுக்குள் ஒளிந்திருப்பவள் ஐனோ! அவளைக் கொல்லத்தான் இந்தக் குரல் துப்பாக்கி கேட்கிறது. அதற்குத் தோட்டா போடக் கற்றுக் கொடுத்தவர் அவள் புருஷனேதான்!

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம். ஆர்வோ காகிதத்தை இழுத்துக் கிறுக்கி டென்சில் பக்கம் தள்ளினார்.

'என் வீடு. கொலைகாரி. ஐனோ சானாவில். ஷெரிஃபைக் கூப்பிடு!'

டென்சிலுக்கு முகத்தில் ரத்தம் வற்றியது. அறுபது வயசுக்காரர் எதிர் பேக்கரி போனை நோக்கி இருபது வயசு வேகத்தில் ஓடினார்.

"சார்? இருக்கீங்களா? அந்தக் குடிசைக்குச் சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கு. அது வழியா நானே முந்திக்கிட்டா? இதுவே போதுமில்ல?"

கடையிலிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு மைல். ஷெரிஃப் எவ்வளவு பறந்தாலும் கால் மணி நேரம். ஜன்னலுக்கு அவள் போய்ச் சேர ஒரு நிமிஷம்.

ஆர்வோவின் பார்வை மேஜைமேல் விழுந்தது.

அரம். அதன் பக்கத்தில்... ஊசி!

"ஐயையோ! ஷாட்கன்னா? வேண்டவே வேண்டாம்!"

"என்ன சார் சொல்றீங்க? இப்பதானே அதுதான் நல்லதுன்னீங்க!"

"அது வீட்டுக்குள்ள பாயறவனுக்கும்மா. நீ கேட்கறது ஜன்னல். அது பறவை ரவை, கடுகு மாதிரி. கண்ணாடியில பட்டுச் சிதறிடும். அவனுக்குக் கீறல்தான் விழும். உனக்குத் தோள்பட்டை இறங்கிடும். அடுத்த தோட்டா போடறதுக்குள்ள அவன் வெளிய வந்துடுவான். ஒரே ஒரு தரம்தான் சுட முடியும், ஞாபகம் வெச்சுக்கோ."

பாதி பொய். முப்பது வருஷ வியாபாரத்தில் தன் வாயிலிருந்து வந்திராத பொய்.

"அப்ப?"

"ரைஃபிள்! ஒத்தைக் குண்டு, நேரா போகும். கண்ணாடி, மரம் எல்லாம் துளைக்கும். உதையும் கம்மி. மேல் தட்டுல மஞ்சள் டப்பாவுல தோட்டா இருக்கும்."

மறுமுனையில் அலமாரி திறக்கும் சத்தம்.

"மஞ்சள் டப்பா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செத்தேன் என்று நினைத்தார் ஆர்வோ. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"ஊர்ல... ஊர்ல எல்லாருக்கும் தோட்டா விக்கறது நான்தானேம்மா! மஞ்சள் டப்பாதான் இங்க விலை மலிவு."

"நீங்க ஏன் மாத்தி மாத்திப் பேசறீங்க? எனக்கு நம்பிக்கையில்ல. நான் இதையே..."

கதவைத் தள்ளிக்கொண்டு டென்சில் வந்து நின்றார். மூச்சிரைத்தது. 'கிளம்பிட்டாங்க' என்று உதட்டை அசைத்தார்.

"இரும்மா, இரு! இங்க ஒரு கஸ்டமர் இருக்கார். மூணு வருஷமா இதே ரெண்டையும் எடை போட்டுப் பார்த்தவர். அவரையே கேளு!"

ரிசீவரை நீட்டினார். வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டின டென்சிலின் கையைப் பிடித்து அமுக்கினார். விரல் மேஜைமேல் இருந்த ஊசியைக் காட்டியது.

டென்சில் ஊசியைப் பார்த்தார். ரைஃபிளைப் பார்த்தார். புரிந்தது.

"அ... அம்மா, வணக்கம். நானும் ஷாட்கன் பக்கம்தான் இருந்தேன். ஆனா இன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். ரைஃபிள்தான்! இதோ கையில வெச்சிருக்கேன். ஜன்னலுக்கு ஜன்னல், தூரத்துக்குத் தூரம். ஷாட்கன் வாங்கறவன் பைத்தியக்காரன்!"

ஆர்வோ ரிசீவரைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தார்.

'க்ளக்.' எதுவோ மடங்கியது. 'க்ளிக்.' மூடியது.

ரிசீவர் மேஜையில் வைக்கப்படும் சத்தம். நடக்கும் சத்தம். பின்கதவு கிறீச்சிட்டது.

"எதை எடுத்தா?" டென்சில் கேட்டார்.

"தெரியலையே டென்சில்... தெரியலையே!"

எங்கோ தூரத்தில் கண்ணாடி நொறுங்கியது. ஓர் அலறல். யாருடையது?

ஆர்வோ ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதார். சின்ன வயதில் சொன்ன ஜெபமெல்லாம் பாதிப் பாதியாக வந்தது. அடுப்பு மணி இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஓடி வரும் சத்தம். 'க்ளக்.' 'க்ளிக்.'

டமார்!

ரிசீவர் அதிர்ந்தது. ஆர்வோ தரையில் சரிந்தார். போய்விட்டாள். அவர் வாயாலேயே கொன்றுவிட்டார்.

"ஹலோ? யாரது லைன்ல?"

அந்தக் குரல்!

"ஐனோ!"

"நீயா? ஏன்யா அழறே? வாசலுக்கு ஒருத்தி வந்து காபி கேட்டா. ஊத்திக் கொடுத்தேன். கைக்குட்டை எடுக்கறேன்னு பையைத் திறந்தா, உள்ளேருந்து விழுது ரத்தக் கோடாலி! சானாவுக்கு ஓடித் தாழ் போட்டுக்கிட்டேன். ஜன்னலை உடைச்சு உன் ரைஃபிளை நீட்டினா. டிக்குன்னுது, அவ்வளவுதான்! கொதிக்கற தண்ணி ஒரு வாளி, முகத்துலயே ஊத்தினேன்."

"அந்த வெடி?"

"திரும்ப கோடாலியைத் தூக்கிட்டு வந்தா. நான் வீட்டுக்குள்ள ஓடி வந்தேன், மேஜையில உன் ஷாட்கன் கிடந்துது. மடக்கிப் பார்த்தேன், தோட்டா இருந்துது. வாசல்லேருந்து மேலே ஒண்ணு விட்டேன். இப்ப குப்புறப் படுத்துக் கும்பிடறா. கூரையில ஒரு ஓட்டை, மழைக்கு முன்னாடி அடைச்சுடு... ஆமா, தோட்டா போட்டு ரெடியா வெச்சது யாரு?"

ஆர்வோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"இன்னொண்ணு. 'கடைக்காரன் ஏமாத்திட்டான், ரைஃபிள் சுடலை'ன்னு அழுறாய்யா! என்ன சொல்லட்டும்?"

"கொண்டு வந்து காட்டச் சொல்லு. வர வழியெல்லாம் போலீஸ் நிக்குது!"

சிரித்தார். அழுதார். இரண்டும் ஒன்றாய் வந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது டென்சில் இன்னும் கவுன்ட்டரில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரைஃபிள். மறு கையில் ஷாட்கன்.

"எடுத்துக்கோ டென்சில்! எது வேணுமோ எடுத்துக்கோ. என் அன்பளிப்பு!"

டென்சில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். இரண்டையும் மெதுவாகக் கீழே வைத்தார்.

"இல்ல ஆர்வோ... போன்ல ஐனோ சத்தமா சொன்னதைக் கேட்டப்புறம் குழப்பமாயிருக்கு. வாளி என்ன விலை?"