மோசஸ் மாமாவின் மணிக்கட்டு

நின்றிருக்க வேண்டிய வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

ஏஞ்சலின் அதை முதலில் காதால்தான் அறிந்தாள். மாலை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா பாக்கியநாதன் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகள் பிரேக் போட்டுச் சீறும் சத்தமும், உருக்காலைப் பக்கமிருந்து வரும் சுட்ட இரும்பின் வாடையும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விட்டுவிட்டு விழுந்த தூறலும் வழக்கம்போலத்தான் இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், மேஜை இழுப்பறைக்குள்ளிருந்து, பல்லி மரத்தைச் சுரண்டுவதுபோல் சன்னமாக ஒரு சத்தம். கர்ர். சற்று ஓய்ந்து, மறுபடி கர்ர்.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். பேட்டரி இல்லாத, சாவி கொடுக்கத் தேவையில்லாத வாட்ச் அது. உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு இருக்கும். கட்டியிருக்கிறவர் கை அசைய அசையத் தகடு சுழன்று தானே சாவி ஏற்றிக்கொள்ளும். சுழலும்போது அப்படித்தான் கேட்கும். கழற்றி வைத்தால் இரண்டு நாள் ஓடும். பிறகு நின்றுவிடும்.

இது இழுப்பறைக்குள் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திறந்து பார்த்தாள். வெள்ளைக் கைக்குட்டைக்குள் மோசஸ் மாமாவின் வாட்ச். விநாடி முள் வழுக்கிக்கொண்டு போனது. நேரம் சரியாக இருந்தது.

கை அசைந்தால்தான் ஓடும். எந்தக் கை?

அந்தக் கேள்வி வந்ததும் இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

பத்தாவதோடு படிப்பு நின்றபின் ஏஞ்சலின் யாரோடும் அதிகம் பேசியதில்லை. அப்பா பர்மா பஜாரில் வாங்கிவந்த காப்பி வாட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டு வாட்சுகளின் ஃபர்ஸ்ட் காப்பியை, அசலைப் போலவே தோன்றும் போலியை, வரவழைத்து, யூடியூப் பார்த்து, குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவாள். கையைக் கீறும் ஓரங்களைத் தேய்த்து மழுக்குவாள். எழுத்து கோணியிருக்கும் டயலை மாற்றுவாள். கீறல் விழாத கண்ணாடி போடுவாள். வேகமாக ஓடுகிற மெஷினை இழுத்துப் பிடித்து நேரத்துக்குக் கொண்டுவருவாள். யாருக்கும் விற்றதில்லை. பொய்யை நகர்த்தி நகர்த்தி மெய்க்குப் பக்கத்தில் நிறுத்துவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

மெய் பக்கத்து வீட்டில் இருந்தது. மோசஸ் மாமா கம்பெனி கார் ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிய ஜப்பான்கார அதிகாரி ஒருவர் தன் கையிலிருந்து கழற்றி இவர் கையில் மாட்டிவிட்ட அசல் வாட்ச் அது. அதைச் சட்டைக்கை மறைத்துவிடக் கூடாது என்று எப்போதும் மடித்துவிட்டிருப்பார். செயின் கொஞ்சம் லூசு. பேச்சுக்கு நடுவே கையை மூன்று தரம் உதறி வாட்சை மேலே ஏற்றிக்கொள்வார். டக், டக், டக். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்.

அவள் கேட்டபோதெல்லாம் கழற்றிக் கொடுப்பார். அதைப் பார்த்துப் பார்த்தே தன் காப்பியைத் திருத்தினாள். ஒருநாள் மேஜையின் பச்சை விரிப்பில் இரண்டையும் அருகருகே வைத்தாள்.

"எது மாமா உங்குளுது?"

அவர் தூக்கிப் பார்த்தார், காதில் வைத்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு பெரிய தோரணையாகக் காப்பியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"அது என்னுது!"

"அடிப்பாவி! இன்னா மேஸ்திரிம்மா, என் கையையே ஏமாத்திட்டியே!" சிரித்துச் சிரித்து இருமினார். "இத்த மாட்டிக்கினு பரலோகத்துக்குப் போனேன்னு வையி, பேதுரு வாச கேட்டாண்டயே நிக்க வெச்சிடுவாரு. 'டூப்ளிகேட்டு போட்டுக்கினு வந்துகிறியா, எறங்குடா கீழ'ன்னுடுவாரு."

"அதுக்கு இன்னும் நாளுகிது மாமா."

"அப்போ அதுக்குள்ள என்னுது செயின்ல ஒரு லிங்க் எடுத்துடு. கையி எளச்சிப் போச்சி பாரு."

"அப்புறம் எடுத்துத் தரேன்."

எடுக்கவில்லை. ஊத்துக்கோட்டை ரோட்டில் மழையில் வண்டி சறுக்கி மாமா போய்ச் சேர்ந்தார். அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்த மதியம், அவர் மனைவி விக்டோரியா அத்தை கைக்குட்டையில் சுற்றி வாட்சைக் கொண்டுவந்தாள். "கண்ணாடி ஒடஞ்சிகிது ஏஞ்சு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. பொட்டி மூடறதுக்குள்ள மாத்திக் குடு கண்ணு."

மாற்றினாள். துடைத்தாள். பச்சை விரிப்பில் மறுபடி இரண்டும் அருகருகே கிடந்தன. வெளியே பாட்டு தொடங்கியிருந்தது. மண்ணுக்குள்தானே போகப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அவளுடைய நினைப்புதான்.

தவறி எடுத்துவிட்டதாகத் தனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவளால் தவற முடியாது. காப்பியின் பின்மூடியில் 'ஏ' என்று ஊசியால் கீறியிருந்தாள். விரல் பட்டாலே தெரியும். விரல் பட்டது. தெரிந்தேதான் எடுத்துப்போய், அந்தக் குளிர்ந்த கையில் தானே மாட்டி லாக்கை அழுத்தினாள். வாட்ச் வழுக்கி விரல் முட்டிவரை இறங்கியது.

"லூசா கிதே ஏஞ்சு," என்றாள் அத்தை.

"பரவால்லத்த."

வாட்ச் தெரியாதபடி சட்டைக்கையை இழுத்துவிட்டாள்.

இப்போது வாசலில் யாரோ இருமினார்கள். ஏஞ்சலின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"நான்தாண்டி," என்று அத்தை முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். "ஊட்ல தனியா குந்திக்கினு இருக்க முடியல. ஒரே பேஜாரா கிது. உங்கப்பன் வர எந்நேரம் ஆவும்?"

"நேரமாவும்த்த."

கர்ர்.

அத்தைக்குக் கேட்கவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினாள். "தெனம் கனவுல வராரு ஏஞ்சு. வாசல்லயே நிக்கிறாரு. 'உள்ள வாய்யா'ன்னா வரமாட்றாரு. 'அங்க வுடலியா'ன்னு கேட்டா அதுக்கும் பேச்சில்ல. கைய மட்டும் உதறிக்கினே கிறாரு. நெறைவாத்தானே அனுப்பினோம்? இன்னா கொறை வெச்சோம்?"

இழுப்பறை ஏஞ்சலினின் முழங்காலை உரசிக்கொண்டிருந்தது. இழுத்து, எடுத்து, நீட்ட வேண்டும். ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை.

"ஒண்ணும் கொறை வெக்கலத்த," என்றாள்.

அத்தை அவள் கன்னத்தைத் தடவினாள். "நீ தாண்டி கடைசியா அவரு கையப் புடிச்ச. நல்லாருப்ப." எழுந்து போனாள். அவள் போன வழியெங்கும் ஈரக்காலின் தடம்.

ஏஞ்சலின் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகட்டும், இப்போதே போய்க் கொடுத்துவிடலாம். அடித்தால் அடிக்கட்டும், காறித் துப்பட்டும், தெருவெல்லாம் தெரியட்டும். இழுப்பறையைத் திறந்து வாட்சை எடுத்தாள். உள்ளங்கையில் அது இளஞ்சூடாக இருந்தது, அப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்ததுபோல.

கரண்ட் போயிற்று.

தெருவே இருண்டது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. தூறல் ஓய்ந்திருந்தது. லாரிச் சத்தமும் இல்லை. இரும்பு வாடையும் இல்லை. வேறு வாடை. மாமாவைப் புதைத்த ஏரிக்கரைக் களிமண். புதிதாகத் தோண்டிய களிமண்ணும், அதனடியில் வாடிய சம்பங்கியும்.

டக். டக். டக்.

வாசலில் இல்லை.

மேஜைமேல்.

சார்ஜ் விளக்கு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அழுத்தினாள். வேலை செய்யும்போது விழுகிற அதே வட்டமான வெளிச்சம் பச்சை விரிப்பில் விழுந்தது.

விரிப்பின்மேல் ஒரு கை.

முழங்கைக்கு அப்பால் இருட்டு. விளக்கைத் தூக்கிப் பார்க்க அவளால் முடியவில்லை. வெள்ளைச் சட்டைக்கை ஈரமாய் ஒட்டியிருந்தது. நகங்களில் சேறு. செயின் சரிபார்க்கக் கொடுக்கிறவர் கை போல, உள்ளங்கையை மேலே திருப்பி, பொறுமையாகக் காத்திருந்தது. மணிக்கட்டில் அவளுடைய காப்பி தொங்கியது. அது நின்றுபோயிருந்தது.

சுவருக்கு அப்பால் விக்டோரியா அத்தை ஜெபம் சொல்லத் தொடங்கினாள். கூப்பிட்டால் கேட்கும். ஒரு சுவர்தான்.

ஏஞ்சலின் கூப்பிடவில்லை. லாக்கைத் திறந்தாள். காப்பியைக் கழற்றினாள். விரல் நுனியில் 'ஏ' தட்டுப்பட்டது. அசலை மாட்டினாள். சட்டைக்கையை மேலே மடித்துவிட்டாள். லாக் அழுந்தியது.

"மன்னிச்சிடுங்க மாமா," என்றாள்.

கை எழுந்தது. உதறியது. டக். டக். டக்.

வாட்ச் மேலே ஏறவில்லை. விரல் முட்டிவரை சரிந்தது. கை மறுபடி விரிப்பில் படுத்துக்கொண்டது. உள்ளங்கை மேலே. காத்திருந்தது.

ஒரு லிங்க்.

ஊசியை எடுத்தாள். லிங்கைப் பிணைத்த பின்னைத் தள்ளினாள். லிங்க் கழன்று விழுந்தது. மாட்டினாள். கை எழுந்தது. உதறியது. சரிந்தது.

இன்னொரு லிங்க்.

உதறியது. சரிந்தது.

இன்னொன்று. இப்போது தோல் இல்லை. எலும்பில் உலோகம் படும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. சுவருக்கு அப்பால் ஆமென் என்றாள் அத்தை. பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. விரிப்பில் லிங்குகள் குவிந்துகொண்டிருந்தன. செயினில் இன்னும் சிலதான் மிச்சம். அந்த மணிக்கட்டு அவள் கண்ணெதிரே மெலிந்துகொண்டே போனது. கை, உள்ளங்கையை மேலே திருப்பி, மறுபடியும் விரிப்பில் படுத்தது.